முகத்துவாரங்கள் – 8: கோட்டை போன ஊரில் மாதா கோயில்

1750ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள், கோவளத்துக்கு எதிரே கடலில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து நங்கூரம் போட்டது. ஆபத்தில் இருப்பதாகச் சைகை காட்டியது. என்னவென்று பார்க்கப் படகில் போன கரைக்காரர்களிடம் கப்பலில் இருந்தவர்கள் கெஞ்சினார்கள்: மாலுமிகளில் பெரும்பாலானோர் ஸ்கர்வி நோயில் செத்துவிட்டார்கள், மிச்சமிருப்பவர்களை உடனே கரையிறக்காவிட்டால் அவர்களும் பிழைக்கமாட்டார்கள் என்று. கோட்டை அப்போது கர்நாடக நவாபின் ஆட்கள் வசம் இருந்தது. நல்ல காசு தேறும் என்ற நப்பாசையில் கோட்டை அதிகாரி சம்மதித்தார். ஒட்டிய கன்னமும் வெளிறிய முகமுமாக 30 பேர் இறங்கினார்கள். சிலர் நோயாளிகளாகவே நடித்தார்கள். துணிக்குள் ஆயுதம் இருந்தது. இரவில் எழுந்து காவலர்களை மடக்கினார்கள். விடிந்தபோது கோட்டை பிரெஞ்சுக்காரர்களுடையது.

கம்பெனிக் காலத்துப் போர்களை விரிவாக எழுதிவைத்த ராபர்ட் ஓர்ம் சொல்லும் கதை இது. அவர் சொல்லும் அடுத்த கதை இன்னும் வேடிக்கை. இரண்டே வருடத்தில், 1752இல், அதே கோட்டையைப் பிடிக்க ராபர்ட் கிளைவ் புறப்பட்டார். அவருக்குக் கிடைத்த படை, கப்பலிலிருந்து அப்போதுதான் இறங்கிய 200 வெள்ளைக்காரப் புது ஆட்களும், புதிதாகச் சேர்த்த 500 சிப்பாய்களும். கோட்டையிலிருந்து வந்த ஒரு குண்டில் ஒருவன் சாய்ந்ததும் மற்றவர்கள் ஓட்டம் பிடித்தார்கள். கிளைவ் படாதபாடு பட்டுத் திருப்பிக் கூட்டிவந்தார். இன்னொரு நாள் பீரங்கிச் சத்தம் கேட்டுக் காவலுக்கு நின்றவர்கள் இடத்தை விட்டே போய்விட்டார்கள். அவர்களில் ஒருவனைச் சில மணி நேரம் கழித்துக் கிணற்றுக்குள்ளிருந்து கண்டுபிடித்தார்கள். அப்படிப்பட்ட படைக்கும் கோவளம் பணிந்தது. உதவிக்கு வந்த செங்கல்பட்டுப் படை வழியிலேயே மாட்டிக்கொண்டது. அடுத்துச் செங்கல்பட்டுக் கோட்டையும் விழுந்தது. கோவளம் கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

அந்தக் கோட்டை இருந்த கரையில் 1970களிலிருந்து ஒரு நட்சத்திர விடுதி நிற்கிறது. கோட்டையைத் தேடிப் போகிறவருக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஆனால் கோட்டை தகர்ந்து 56 வருடம் கழித்து, 1808இல், அதே ஊரில் ஒரு வியாபாரி கட்டிய கார்மேல் மாதா கோயில் இன்றும் நிற்கிறது. அங்கே பூசை நடக்கிறது. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். கல்யாண ஓலை வாசிக்கிறார்கள். இந்த வாரம் நாம் போவது அந்தக் கோயிலுக்கு.

உப்பளத்தின் ஊடே

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் நேரே வந்தால் 40 கிலோமீட்டர். முட்டுக்காடு பாலம் தாண்டியதும் கோவளம். ஆனால் இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்கு நான் சொல்லும் வழி வேறு. செங்கல்பட்டில் ஏறி, திருப்போரூர் வந்து, கேளம்பாக்கத்தில் கிழக்கே திரும்புங்கள். அங்கிருந்து கோவளம் போகும் சாலை தண்ணீருக்கும் உப்பளத்துக்கும் நடுவே போகிறது. கோவளம் ஏன் ஊரானது என்பது அந்தச் சில கிலோமீட்டரில் விளங்கிவிடும்.

கோவளத்துக்கு முன்னால் கடல், பின்னால் கழிவெளி. கழிவெளியின் நடுவே, வடக்கும் தெற்குமாக, பக்கிங்காம் கால்வாய். ஒருகாலத்தில் விறகும் உப்பும் ஏற்றிய தோணிகள் மரக்காணம் வரை போய்வந்த நீர்ப்பாதை அது. வடக்கே முட்டுக்காட்டில் இந்தத் தண்ணீர் எல்லாம் ஒன்றாகக் கூடிக் கடலுக்குப் போகிறது. பாலாறுபோலப் பெயர் பெற்ற ஆறு எதுவும் இங்கே இல்லை. ஏரிகளின் உபரியும் சதுப்பின் வடிகாலும் சேர்ந்துதான் இங்கே ஆற்றின் வேலையைச் செய்கின்றன. மழைக்காலம் முடிந்த மாதங்களில் வந்தால் பூநாரைகளும் கூழைக்கடாக்களும் முழங்கால் ஆழத் தண்ணீரில் நிற்பதைப் பார்க்கலாம். வெயில் காலத்தில் வந்தால் உப்புக் குவியல்கள்.

இப்படி ஒரு முகத்துவாரம் அந்தக் காலத்துக் கப்பல்காரனுக்குப் பெரிய வசதி. சென்னையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்க, மசூலாப் படகில்தான் சரக்கும் ஆளும் கரையேற வேண்டும். கோவளத்திலும் பெரிய கப்பல் உள்ளே வராது என்றாலும், சிறு தோணிகள் ஒதுங்க உள்நீர் உண்டு, உப்பு உண்டு, பின்னால் நெசவு ஊர்கள் உண்டு. கர்நாடக நவாப் சாதத்துல்லா கான் தன் பெயரில் இங்கே ஒரு துறைமுகம் வளர்க்கப் பார்த்தார். 1719 வாக்கில் ஆஸ்டெண்ட் வியாபாரிகள் வந்தார்கள். இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஆஸ்டெண்ட் துறைமுகத்தைச் சேர்ந்த இவர்கள், ஆஸ்திரியப் பேரரசரின் கொடியின்கீழ் வியாபாரம் செய்தவர்கள். 1722இல் அவர்களுடைய கம்பெனிக்குப் பேரரசரின் சாசனம் கிடைத்தது. போட்டியைப் பொறுக்காத ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் கொடுத்த நெருக்கடியில் 1727இல் அந்தச் சாசனம் நிறுத்திவைக்கப்பட்டது. 1731இல் கம்பெனிக்கே மூடுவிழா. வியன்னாவில் போட்ட ஒரு கையெழுத்து கோவளத்தில் ஒரு பண்டகசாலையின் கதையை முடித்தது.

நவாப், ஆஸ்டெண்ட், பிரெஞ்சு, ஆங்கிலேயர். ஐம்பது வருடத்துக்குள் இத்தனை பேர் இந்தச் சின்ன ஊருக்கு ஆசைப்பட்டிருக்கிறார்கள். ஒருவர் கட்டியதும் இங்கே மிஞ்சவில்லை.

டிமான்டி என்ற பெயர்

'டிமான்டி காலனி' என்றால் இன்றைய தலைமுறைக்கு 2015இல் வந்த பேய்ப் படம்தான் ஞாபகம் வரும். சென்னை ஆழ்வார்பேட்டையில் அந்தப் பெயரில் உண்மையாகவே ஒரு குடியிருப்பு உண்டு. சாந்தோம் பக்கம் ஒரு தெருவும் உண்டு. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஜான் டி மான்டி, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சென்னையில் வாழ்ந்த போர்ச்சுகீசிய வம்சாவளி வணிகர். கோவளம் மாதா கோயிலைக் கட்டியவர் இவர்தான்.

அவருடைய காலத்தில் சென்னைக் கத்தோலிக்கர்களின் நிலை கொஞ்சம் சிக்கலானது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது பாதிரியார்கள் அவர்களுக்கு உதவினார்கள் என்பது ஆங்கிலேயரின் சந்தேகம். 1749இல் ஊர் திரும்பக் கைக்கு வந்ததும் அவர்கள் செய்த காரியங்களில் ஒன்று, கோட்டைக்குள் இருந்த கத்தோலிக்கக் கோயிலை இல்லாமல் செய்தது. வேப்பேரியில் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் பணம் போட்டு எழுப்பிய கோயிலைப் பிடுங்கிப் புராட்டஸ்டண்ட் மிஷனரிகளிடம் கொடுத்தார்கள். ஆக, கோயில் என்றால் யாரும் கைவைக்கமாட்டார்கள் என்று அந்தக் காலத்தில் யாரும் நம்பியிருக்க முடியாது. கோட்டையைப் பிடித்தவன் கோயிலையும் பிடித்தான்.

டி மான்டி தலையெடுத்தபோது அந்தப் பகை ஆறிப்போயிருந்தது. ஆங்கிலேய வணிகர்களோடு அவர் கூட்டாளியாகவே ஆனார். ஜார்ஜ் அர்பத்நாட்டுடன் சேர்ந்து நடத்திய நிறுவனம் 'அர்பத்நாட், டி மான்டி அண்ட் கோ' என்று அவர் பெயரையும் சேர்த்தே வழங்கியது. சொத்து குவிந்தது. நகரத்தில் தோட்ட வீடுகளும் நிலமும் சேர்ந்தன. கோவளத்தில் மாதாவுக்குக் கோயில் எழும்பியது. 1821இல் அவர் இறந்தபோது இங்கேயே அடக்கம் செய்தார்கள். சொத்தின் பெரும்பகுதியை மயிலாப்பூர் மறைமாவட்டத்துக்கு எழுதிவைத்தார். ஆழ்வார்பேட்டைக் காலனியின் மூலமும் அதுதான். பேய்க்கதைகள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை.

அவரைப் புனிதராக்கிக் காட்ட வேண்டியதில்லை. கம்பெனி ஆட்சியின் நிழலில், கப்பலும் வட்டியும் ஏற்றுமதியுமாகச் சேர்த்த பணம் அது. அந்தப் பணத்தின் மறுபக்கத்தில் நெசவாளியும் உப்பளத் தொழிலாளியும் இருந்திருப்பார்கள். ஆனாலும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அவர் பெயரைப் பிற்பாடு உதிர்த்துவிட்டு 'அர்பத்நாட் அண்ட் கோ' என்று தொடர்ந்த நிறுவனம், தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளில் ஒன்றாக வளர்ந்தது. 1906 அக்டோபரில் அது திவாலானது. ஓய்வூதியக்காரர்களும் விதவைகளும் கோயில் அறக்கட்டளைகளும் போட்டிருந்த பணம் மூழ்கியது. நிறுவனத்தின் தலைவர் ஜெயிலுக்குப் போனார். அந்த அதிர்ச்சியில்தான் வி. கிருஷ்ணசாமி ஐயரும் நண்பர்களும் 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். டி மான்டி தன் வாழ்நாளில் போட்ட முதலீடுகளில் எது உறுதியானது என்று 1808இல் கேட்டிருந்தால் எந்த வியாபாரியும் அந்த நிறுவனத்தைத்தான் காட்டியிருப்பார். கடைசியில் நின்றது, லாபம் எதிர்பார்க்காமல் கடற்கரை மணலில் போட்ட முதலீடு.

கார்மேலிலிருந்து கோவளத்துக்கு

கார்மேல் என்பது இன்றைய இஸ்ரேலில், ஹைஃபா நகரத்தை ஒட்டி, மத்தியதரைக் கடலைப் பார்த்தபடி நிற்கும் மலை. எலியா தீர்க்கதரிசியின் கதை நடந்த இடமாக விவிலியம் சொல்வது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அங்கே தவம் இருந்த துறவிகளிடமிருந்து கார்மேல் சபை பிறந்தது. அந்த மலையின் மாதாவை நம் ஊரில் உத்தரிய மாதா என்பார்கள். இரண்டு சிறு துணித்துண்டுகளை நூலில் கோத்து, ஒன்று மார்பிலும் ஒன்று முதுகிலும் படும்படி அணிகிறார்களே, அதுதான் உத்தரியம். 1251இல் சைமன் ஸ்டாக் என்ற துறவிக்கு மாதா காட்சி கொடுத்து இதை அளித்தார் என்பது சபையின் மரபு. ஜூலை 16 திருநாள்.

மலையில் பிறந்த இந்த மாதா உலகம் முழுக்கக் கடலோர மக்களின் மாதாவாக ஆனது எப்படி? கடலின் விண்மீன் என்பது மரியாளுக்குப் பழைய பட்டம். கார்மேல் மலைமேல் இருக்கும் துறவியர் மடத்துக்கே அந்தப் பெயர்தான். ஸ்பெயினில் ஜூலை 16 அன்று மீனவ ஊர்களில் கார்மேன் மாதாவைப் படகில் ஏற்றிக் கடலுக்குள் பவனி கொண்டுபோகிறார்கள். மற்றப் படகுகள் ஊதல் அடித்துக்கொண்டு பின்னால் போகின்றன. போர்ச்சுகீசிய மரபில் வந்த ஒரு வணிகர், கடலும் கழியும் கூடும் ஊரில் கோயில் கட்ட நினைத்தபோது கார்மேல் மாதாவைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியம் இல்லை.

நம் கடற்கரையிலும் தெற்கே போகப்போக மாதா பெயர்கள் கடலைத் தொட்டே நிற்கின்றன. வேளாங்கண்ணியில் ஆரோக்கிய மாதா. தூத்துக்குடியில் பனிமய மாதா. ஆனால் ஒரு வித்தியாசம். தூத்துக்குடி, குமரிக் கரைகளில் 16ஆம் நூற்றாண்டிலேயே ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். அங்கே பல ஊர்களில் ஊரும் பங்கும், அதாவது கோயிலைச் சேர்ந்த சபையும், ஒன்றே. மீன் வருமானத்தில் ஒரு பகுதியைக் கோயிலுக்கு ஒதுக்கும் வழக்கமும் உண்டு. செங்கல்பட்டுக் கரை அப்படி இல்லை. இங்கே மீனவக் குப்பங்களில் பெரும்பாலும் அம்மன் கோயில்தான் ஊர்க்கோயில். கிறிஸ்தவர்கள் ஒரு பகுதியினர். முஸ்லிம்கள் ஒரு பகுதியினர். இந்த ஊரில் மாதா கோயில் நிலைத்திருக்கிறது என்றால், பங்கு மக்களின் உழைப்போடு பக்கத்து வீட்டுக்காரர்களின் சம்மதமும் அதில் இருக்கிறது.

அந்தச் சம்மதம் எப்படி இருக்கும் என்று பார்க்க, கோயிலிலிருந்து நடந்தே தமீம் அன்சாரி தர்காவுக்குப் போகலாம். நபிகள் நாயகத்தின் தோழர் ஒருவரின் உடல் பேழையில் மிதந்து இந்தக் கரை சேர்ந்தது என்பது தர்காவின் ஐதீகம். அங்கே கயிறு கட்டிவிட்டு இங்கே மெழுகுவத்தி ஏற்றுகிற குடும்பங்களைப் பார்க்க முடிகிறது. அதை மத நல்லிணக்கம் என்று பெரிய வார்த்தையால் அவர்கள் சொல்வதில்லை. காரியம் ஆக வேண்டும், வேண்டுகிறார்கள், அவ்வளவுதான்.

காற்றும் மெழுகுவத்தியும்

கோயில் வாசலில் மெழுகுவத்தி விற்கும் பாட்டியிடம் பெரிய வத்தியாக ஒன்று கேட்டேன்.

"பெரிசு வேணாம் சார். காத்துக்கு நிக்காது. சின்னதா ரெண்டு வாங்கிக்கோ. தகரத்துக்கு உள்பக்கமா, சாச்சி வையி" என்றார்.

சொன்னபடி செய்தேன். மெழுகுவத்தி ஏற்றுமிடத்தில் மூன்று பக்கம் தகரத் தடுப்பு. அப்படியும் கடற்காற்று மேல்வழியாகப் புகுந்து சுடரைப் படுக்க வைக்கிறது. உருகிய மெழுகு ஒரே பக்கமாக வழிந்து, தகரத்தின் அடியில் தடித்த விளிம்பாக உறைந்திருந்தது. தகரம் துருவேறியிருந்தது, விரலால் தொட்டால் சிவப்புப் பொடி ஒட்டுகிறது. கடலோரத்தில் இரும்புக்கு ஆயுசு அவ்வளவுதான்.

சுவரும் இந்தக் காற்றைத்தான் குடிக்கிறது. அந்தக் காலத்துச் சென்னைக் கட்டடங்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுந்தவை. சுண்ணாம்புக்குக் கடற்கரையில் பஞ்சமில்லை. கழிமுகத்துக் கிளிஞ்சலைச் சேர்த்துக் காளவாயில் சுட்டு நீற்றினால் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு. அதை நாள்கணக்கில் அரைத்து, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து, மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்தால் பளிங்கு தோற்கும். ஐரோப்பியப் பயணிகள் வாயைப் பிளந்து எழுதிய 'மெட்ராஸ் சுண்ணம்' இதுதான். இந்தப் பூச்சுக்கு ஒரு குணம், அது மூச்சு விடும். சுவருக்குள் போன ஈரம் வெளியே வந்துவிடும். வரும்போது உப்பையும் கொண்டுவந்து மேலே வெள்ளைப் பொடியாகப் பூக்கவிடும். துடைத்துவிட்டுத் திரும்ப வெள்ளையடித்தால் ஆயிற்று.

வில்லங்கம் சிமெண்டால் வந்தது. சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசினால் பார்க்கத் திடமாக இருக்கும். ஆனால் ஈரம் உள்ளேயே அடைபடும். உப்பு உள்ளுக்குள் படிகமாகி, செங்கல்லைப் பொரியவைத்து, ஒரு நாள் பூச்சு அடையாகக் கழன்று விழும். கடலோரத்தில் பழைய கட்டடம் எங்கே பார்த்தாலும், அது கோயிலோ தர்காவோ சத்திரமோ, இந்தச் சண்டையின் தழும்பு சுவரில் தெரியும். கண்ணாடி போட்டுக்கொண்டு தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை பாருங்கள். அதற்குக் கீழேதான் உப்பு ஏறும்.

இருநூறு வருடத்துக்கும் மேலாக இந்த உப்போடு ஒரு கட்டடம் மல்லுக்கட்டி நிற்கிறது என்றால் அதற்கு ஒரே காரணம், வருடா வருடம் யாரோ அதற்குக் கை வைத்திருக்கிறார்கள். ஜூலையில் கொடியேற்ற வேண்டும், நவநாள் நடத்த வேண்டும், தேர்பவனி போக வேண்டும். திருநாளுக்கு முன்னால் வெள்ளையடிக்காமல் இருக்க முடியுமா? ஒழுகும் இடத்தை அடைக்காமல் இருக்க முடியுமா? இந்தக் கரையில் விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடை ஜூன் 14இல் முடியும். அதன்பின் ஊரில் கொஞ்சம் காசு புரளும். திருநாள் அதற்கடுத்த மாதமே வருகிறது. பாதுகாப்புத் திட்டம் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. பஞ்சாங்கமே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

பூட்டிய கல்லறை, திறந்த கோயில்

போன வாரம் சதுரங்கப்பட்டினம் போயிருந்தோம். பாலாற்று முகத்துவாரத்துக்கு அருகே டச்சுக்காரர்கள் கட்டிய செங்கல் கோட்டை. மெல்லிய மஸ்லின் துணிக்குப் பேர்போன ஊர். 1781இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்து நொறுக்கினார்கள். 1824 ஒப்பந்தத்தில் இந்தியாவின் டச்சுக் குடியேற்றங்கள் எல்லாம் ஆங்கிலேயர் கைக்குப் போனபோது அதுவும் போனது. உள்ளே கல்லறைகள் இருக்கின்றன. டச்சு எழுத்துகளையும் குலச் சின்னங்களையும் கைதேர்ந்த கல்தச்சர்கள் செதுக்கிய கற்கள். தொல்லியல் துறை பாதுகாக்கிறது; பாதுகாக்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கல்லில் பெயர் உள்ள ஒருவருக்காவது கல்லறைத் திருநாளில், நவம்பர் 2ஆம் தேதி, பூ வைக்க அந்த ஊரில் ஆள் இல்லை.

கோவளத்தில் டி மான்டிக்கு உண்டு. பேரனோ பேத்தியோ தேவையில்லை. அவர் கட்டிய கோயிலில் தினம் யாராவது முழந்தாளிடுகிறார்கள். கட்டியவரையும் போகிற போக்கில் நினைக்கிறார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தின் பழைய கோட்டைகளை வரிசையாக எடுத்துப் பாருங்கள். செங்கல்பட்டுக் கோட்டையைப் பிளந்துகொண்டு ரயில் போகிறது. சதுரங்கப்பட்டினம் பாதி. ஆலம்பரை 1760இல் தகர்ந்தது, மிச்சத்தைக் கடல் தின்கிறது. கோவளம் சுத்தம்.

இது தெய்வச் செயல் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்குத் தோன்றுவது வேறு. கோட்டையை ஒருவன் பிடித்தால் அதில் படை வைத்துக் காப்பது பெரும் செலவு; விட்டுவிட்டுப் போனால் எதிரி வந்து உட்காருவான். இடிப்பதே சிக்கனம். கோட்டையின் பலமே அதற்கு எமன். இடிந்ததும் செங்கல் ஒவ்வொன்றாக ஊர் வீடுகளின் சுவருக்குள் போய்விடும், யாரும் கேட்கமாட்டார்கள், ஏனென்றால் அது யாருடையதும் இல்லை. பங்குக் கோயில் நேர்மாறு. மேலே அதிகாரம் மாறிக்கொண்டே இருந்தது. மயிலாப்பூரின் போர்ச்சுகீசிய மறைமாவட்டம் 1952இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டமாக இணைந்தது. 2002இல் செங்கல்பட்டு தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது. கம்பெனி போய் மகாராணி வந்து, அதுவும் போய்ச் சுதந்திரம் வந்தது. கீழே அதே குடும்பங்களின் அடுத்தடுத்த தலைமுறை அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. புராதனக் கட்டடம் காக்க நினைப்பவர்கள் முதலில் எண்ண வேண்டியது அதன் வயதையல்ல, அதைப் புழங்குகிறவர்களை.

வாய் அடைக்கும் ஆறு

இத்தோடு முடித்தால் கதை சுபமாக இருக்கும். ஆனால் சுவரைக் காப்பாற்றும் பங்குக்கு எட்டாத ஒன்று ஊருக்கு வடக்கே இருக்கிறது.

கரையில் வலையின் அறுந்த கண்களைக் கோத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் முகத்துவாரம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"கோடையில வாய் அடைச்சிக்கும் சார். மண்ணு ஏறிடும். அடைச்சிக்கிச்சின்னா எறால் குஞ்சு உள்ள ஏறாது. அப்புறம் கழியில வலை போட்டு என்னாத்துக்கு?" என்றவர், நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "மழைக்கு வேற கதை" என்றார்.

அவர் சொன்னது கழிமுகத்தின் முழுப் பாடம். இறால் கடலில் முட்டை போடும். குஞ்சு கழிக்குள் வந்து வளர்ந்து, பெரிதானதும் கடலுக்குத் திரும்பும். வாய் திறந்திருந்தால்தான் இந்தப் போக்குவரத்து. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டுவந்து வாயில் போடும். வடகிழக்குப் பருவமழையில் உள்ளிருந்து வரும் வெள்ளம் அதைப் பிய்த்துக்கொண்டு போகும்.

அந்த வெள்ளம் எங்கிருந்து வருகிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, முட்டுக்காடு வந்து கடல் சேர்கிறது. தென்சென்னையின் ஏரிகள் ஒன்றுக்கொன்று கைமாற்றிவிடும் மழைநீரின் கடைசி வாசல் இதுதான். 2022இல் பள்ளிக்கரணைக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. அதற்குள் சதுப்பின் பெரும்பகுதி சாலையாகவும் கட்டடமாகவும் குப்பைமேடாகவும் ஆகியிருந்தது. முன்பு ஊறி, தங்கி, மெதுவாக வந்த தண்ணீர் இப்போது ஒரே மூச்சில், சாக்கடையையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. மழைக்காலத்தில் மிஞ்சியும் கோடையில் நாறியும் வருகிற இந்தத் தண்ணீரில் மீன் செத்து மிதப்பது இந்தக் கழியில் புதுச் செய்தி இல்லை.

கோவளம் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. மூர்த்தி மேகவன் என்ற ஊர் மீனவர் ஒருவர் அலைச்சறுக்குப் பள்ளி நடத்தி, குப்பத்துப் பிள்ளைகளை உலகப் போட்டிகளுக்குத் தயார் செய்கிறார். கடல் பக்கத்து முகம் இப்படிப் பளிச்சென்று இருக்க, கழி பக்கத்து முதுகை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஊர் பிறந்தது அந்த முதுகுப் பக்கத்தால்தான். உப்பும் தோணியும் இறாலும் அங்கே.

மாதா கோயிலுக்கு வெள்ளையடிக்க கோவளம் பங்கு மக்கள் போதும். முகத்துவாரத்துக்கு அவர்கள் போதாது. துரைப்பாக்கத்திலும் சோழிங்கநல்லூரிலும் மேடவாக்கத்திலும் குடியிருந்து இதைப் படிக்கும் வாசகர்கள் இதில் சேர்த்தி. உங்கள் மொட்டை மாடியில் விழும் மழையும், உங்கள் கழிவுநீர் லாரி எங்கேயோ கொட்டிவிட்டு வருவதும் வந்து சேரும் இடம் இந்த வாய்தான். ஜூலை திருநாளுக்குக் குடும்பத்தோடு வாருங்கள், தேர் பாருங்கள். ஆனால் போகும்போது முட்டுக்காடு பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி, வாய் திறந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, அடைத்திருந்தால் ஏன் என்று உங்கள் வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள். இரண்டு நூற்றாண்டாக ஒரு சுவர் நிற்பதற்குக் காரணமானவர்கள் செய்ததும் இவ்வளவுதான்: இது நம்முடையது என்று நினைத்து வருடம் ஒருமுறையாவது வந்து பார்த்தார்கள்.

*அடுத்த வாரம்: கடல் தின்னும் ஆலம்பரை*

(தொடரும்)